21 நாள் பல் தேய்க்காதவர்கள்!

ஈறில் ரத்தம் வருவது ஏன்? விடை தந்த சோதனை

பல் தேய்க்கச் சொல்வதுதான் பல் டாக்டரின் வழக்கம். ஆனால், "பல் தேய்க்கவே கூடாது" என்று நிபந்தனை போட்டார், ஒரு பல் டாக்டர்!

அவர் பெயர் ஹரால்டு லோ. நார்வே நாட்டில் பிறந்தவர். டென்மார்க் நாட்டில் ஆர்ஹுஸ் நகரத்துப் பல் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 1965-ம் ஆண்டில் வெளிவந்தது.

சோதனைக்கு முன்வந்தவர்கள் 12 பேர். பெரும்பாலோர் பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள். எல்லோரும் நல்ல தேக ஆரோக்கியம் உள்ளவர்கள். பற்கள் சுத்தமாக இருந்தன. ஈறுகளும் நன்றாக இருந்தன.

இவர்கள் பல் துலக்குவதை நிறுத்தினார்கள். டாக்டர்கள் அடிக்கடி ஈறுகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார்கள்.

ஒருவரும் தப்பவில்லை

அந்தக் காலத்தில் ஈறு நோய்க்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டு வந்தன. வயதாவது காரணம் என்றார்கள் சிலர். சத்துக் குறைவு என்றார்கள் வேறு சிலர். "பல்லில் சேரும் அழுக்குதான் காரணம்" என்றும் பலர் நினைத்தார்கள். ஆனால் கண்ணெதிரே காட்டும் சான்று இல்லை.

அந்தச் சான்று இப்போது கிடைத்தது. 10 நாட்களிலேயே சிலருக்கு ஈறு சிவந்து வீங்கியது. 21 நாட்களுக்குள் 12 பேருக்கும் ஈறு வீக்கம் வந்துவிட்டது. ஒருவர்கூடத் தப்பவில்லை!

பிறகு மறுபடியும் பல் துலக்கச் சொன்னார்கள். பல்லில் இருந்த அழுக்கு போயிற்று. சுமார் ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்து, ஈறு பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. பிரஷ்தான் மருந்து!

மாவு போன்ற அழுக்கு

பல்லை நகத்தால் சுரண்டினால் மாவு போன்ற வெள்ளை அழுக்கு வரும். பலர் இதைச் சாப்பாட்டின் மிச்சம் என்று நினைக்கிறார்கள். அது தவறு. அது கிருமிகளின் கூட்டம்.

இதை முதன்முதலில் கண்டவர், ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லீவன்ஹூக் என்பவர். துணி வியாபாரியான அவர், தாமே கண்ணாடி வில்லைகளைத் தீட்டிப் பூதக்கண்ணாடி செய்தார். தம் பல்லில் இருந்த அழுக்கை எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். உள்ளே சின்னஞ்சிறு உயிர்கள் துள்ளி ஓடின! 1683-ல் இதைக் கடிதமாக எழுதி, லண்டன் விஞ்ஞானிகளுக்கு அனுப்பினார்.

பல்லைத் தேய்த்து முடித்த சிறிது நேரத்திலேயே, எச்சிலில் உள்ள சத்து ஒன்று மெல்லிய ஏடு போல் பல்லில் படிகிறது. அதன்மேல் கிருமிகள் ஒட்டுகின்றன. துடைக்காமல் விட்டால் நாளுக்கு நாள் பெருகுகின்றன. புதுப் புது வகைக் கிருமிகளும் வந்து சேருகின்றன. இவற்றை எதிர்க்க உடல் அதிக ரத்தத்தை ஈறுக்கு அனுப்புகிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது. லேசாகத் தொட்டாலும் ரத்தம் கசிகிறது.

இந்தக் கட்டத்தில் வலி இருக்காது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. வலித்தால் டாக்டரிடம் ஓடுவோம். வலிக்காததால் சும்மா இருந்துவிடுகிறோம்.

தேயிலைத் தோட்டத்தில்

21 நாள் அழுக்குக்கே இந்தப் பாடு என்றால், வருஷக்கணக்கில் விட்டால் என்ன ஆகும்?

அதற்காக யாரையும் பல வருஷம் பல் தேய்க்காமல் இருக்கச் சொல்ல முடியாது. ஆகவே, ஏற்கனவே அந்த நிலையில் இருந்தவர்களை ஹரால்டு லோவின் குழு தேடிச் சென்றது. இலங்கையின் மலைநாட்டில் 2 தேயிலைத் தோட்டங்களில் அவர்களைக் கண்டது. அவர்கள் தமிழ்த் தொழிலாளர்கள். வெள்ளையர் ஆட்சியில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களின் சந்ததியினர்.

1970-ல் 480 ஆண்களின் வாயைச் சோதித்தார்கள். வயது 14 முதல் 31 வரை. உழைத்து உரமேறிய உடல். சொத்தைப் பல் அநேகமாக இல்லை. ஆனால் பிரஷ் பிடித்து அவர்களுக்குப் பழக்கம் இல்லை. பல் நோய்த் தடுப்பும் சிகிச்சையும் அவர்களை எட்டியதே இல்லை. எல்லோருடைய பல்லிலும் அழுக்கும் காரையும் படிந்திருந்தன. ஏறக்குறைய எல்லா ஈறுகளும் வீங்கியிருந்தன.

1985 வரை டாக்டர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். தெரியவந்த உண்மை இது:

100-க்கு சுமார் 8 பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 20 வயதிலேயே பல் விழத் தொடங்கியது. 35 வயதில் 12 பற்கள் போயின. 40 வயதில் 20 பற்கள் போயின. 45 வயதில் ஒரு பல்கூட மிஞ்சவில்லை!

100-க்கு 81 பேருக்கு நோய் மெதுவாக நடந்தது. 30 வயதுக்கு மேல் பற்கள் விழுந்தன. 45 வயதுக்குள் சராசரியாக 7 பற்கள் போய்விட்டன.

மீதி 11 பேருக்கு ஈறு வீங்கியதே தவிர, நோய் அதற்கு மேல் போகவில்லை.

இதே குழு நார்வேயின் தலைநகரான ஆஸ்லோவிலும் சோதனை நடத்தியது. அங்கே பார்த்தவர்கள், சிறு வயது முதலே பல் டாக்டரின் கவனிப்பில் வளர்ந்தவர்கள். 40 வயதை நெருங்கும்போது, பல்லைத் தாங்கும் பிடிப்பில் அவர்கள் இழந்தது சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர். தோட்டத் தொழிலாளர்கள் இழந்தது நாலரை மில்லிமீட்டர். மூன்று மடங்கு!

திரும்பி வருவது எது?

வெறும் ஈறு வீக்கம் குணமாகும். ஆர்ஹுஸ் சோதனை காட்டியது அதைத்தான்.

ஆனால் அழுக்கு நாட்பட்டால், எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கல் போல் இறுகிவிடும். அதுதான் காரை. அதன்மேல் மேலும் அழுக்கு சேரும். ஈறு பல்லை விட்டுப் பிரியும். உள்ளே பள்ளம் விழும். பல்லைத் தாங்கும் எலும்பு கரையும். கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வருவதில்லை. மேலும் கரையாமல் தடுக்கத்தான் சிகிச்சை.

தோட்டத் தொழிலாளர்களில் 75 பேரை, 40 வருஷம் கழித்து 2010-ல் மறுபடியும் சோதித்தார்கள். 30 வயதுக்குள் நோயைக் கவனித்துச் சிகிச்சை செய்வதும், புகைப்பதை விடுவதும் முக்கியம் என்று அந்த ஆராய்ச்சி கூறியது.

கொப்பளிக்கும் மருந்து

"வாய் கொப்பளித்தால் போதாதா?" என்று கேட்கலாம். இதையும் ஹரால்டு லோ சோதித்தார்.

குளோர்ஹெக்சிடின் என்பது கிருமிகளைக் கொல்லும் மருந்து. பல் துலக்குவதை நிறுத்தியவர்கள், 0.2 சதவீத மருந்தை 10 மில்லி வீதம் தினம் 2 வேளை கொப்பளித்தார்கள். அழுக்கு படியவில்லை, ஈறும் வீங்கவில்லை. 1970-ல் இந்த முடிவு வெளிவந்தது. இந்த மருந்து பல்லில் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் வேலை செய்கிறது.

ஆனால் குறையும் உண்டு. தொடர்ந்து கொப்பளித்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். நாக்கில் ருசி மாறும். காரையை இந்த மருந்து கரைக்காது. ஆகவே, டாக்டர் சொன்னால், சொன்ன நாட்களுக்கு மட்டும் இதை உபயோகிக்க வேண்டும்.

மின்சாரப் பிரஷ் பற்றியும் பல சோதனைகள் நடந்திருக்கின்றன. அவற்றைத் தொகுத்து 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 3 மாதங்களுக்கு மேல் உபயோகித்தவர்களுக்கு, சாதாரணப் பிரஷ்ஷை விட ஈறு வீக்கம் 11 சதவீதம் குறைந்ததாம். வித்தியாசம் அவ்வளவுதான். சாதாரணப் பிரஷ்ஷைச் சரியாகப் பிடித்தாலே போதும்.

என்ன செய்யலாம்?

ஈறில் ரத்தம் வந்தால், பயந்து பலர் அந்த இடத்தைத் தேய்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். அதனால் அங்கே அழுக்கு இன்னும் சேருகிறது. மென்மையான பிரஷ்ஷால் அந்த இடத்தைத்தான் பதமாகத் தேய்க்க வேண்டும்.

அழுக்கு அதிகம் சேரும் இடம், பல்லும் ஈறும் சேரும் ஓரம். பிரஷ்ஷை அங்கே சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்க வேண்டும். முரட்டுத்தனம் கூடாது. காலையும் இரவும் 2 நிமிஷம் தேய்க்க வேண்டும். பல் இடுக்கில் சிக்கிய அழுக்கை எடுக்க, அதற்கென உள்ள நூலோ சிறு பிரஷ்ஷோ வேண்டும்.

காரை படிந்துவிட்டால் பிரஷ் போதாது. டாக்டர்தான் எடுக்க வேண்டும். "காரையை எடுத்தால் பல் ஆடும்" என்று பயப்படுகிறார்கள். பல்லை ஆட்டுவது எலும்பு கரைந்த கோளாறு. காரையை விட்டுவைத்தால் அது இன்னும் கரையும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்களும் புகைப்பவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஈறு நோய் சீக்கிரம் முற்றும்.

2 வாரம் நன்றாகத் துலக்கியும் ரத்தம் நிற்கவில்லையா? வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பல் ஆடுவதற்கு முன்பே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.