கணினியின் மரண வாக்குமூலம்

2025-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9-ஆந் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் அற்றுப்போயிற்று. பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்தமையே காரணம் என்று அமைச்சர் கூறினார், நாடு சிரித்தது. நம் புத்தளக் கரையிலோ நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பொறிகளும் நின்றுபோயின. அதன் பயனாக அடுத்து வந்த நாட்களிலும் மின்வெட்டை அனுபவித்தோம்.

நின்ற பொறி ஏன் நின்றது, இறுதிக் கணத்தில் அதனுள் என்ன நிகழ்ந்தது என்பதே எவரும் முதலிற் கேட்கும் கேள்வி. மேசைமேல் இருக்கும் கணினிக்கும் இது பொருந்தும். உப்புக்காற்றில் உலோகமெல்லாம் துருவேறும் இக்கரையோரத்திலே கணினி வைத்திருப்போர், அது திடீரெனச் செயலிழந்து நீலத்திரையோ கருந்திரையோ காட்டி நிற்பதைக் கண்டிருப்பார்கள். மின்சாரமே போய்விட்டால் அதற்கு வாய் திறக்க நேரமில்லை. உள்ளே பிழை நேர்ந்து விழும்பொழுதுதான், கணினியை ஆளும் அடிப்படை மென்பொருளாகிய பணிசெயல் முறைமை, தன் நினைவகத்தில் அவ்வேளை இருந்தவற்றை வன்தட்டில் எழுதிவிட்டு உயிர்விடுகிறது. இதனை மரண வாக்குமூலம் என்று கூறுதல் தகும்.

ஆங்கிலேயர் இதற்கிட்ட பெயர் சுவையானது. 1950-களிற் கணினியின் நினைவகம், கம்பியிற் கோத்த மணிகள் போன்ற சிறு காந்த வளையங்களால் ஆக்கப்பட்டது. அவ்வளையத்திற்குக் 'கோர்' என்று பெயர். வளையங்கள் மறைந்து பல்லாண்டுகள் சென்ற பின்னரும் 'கோர் டம்ப்' என்னும் பெயர் மாத்திரம் நிலைத்துவிட்டது.

இவ்வாக்குமூலம் பிழையைக் கண்டுபிடிப்போர்க்குப் பெருந்துணை. ஆயின், சாகும் மனிதன் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தெரிந்து பேசுவான். கணினிக்கு அவ்விவேகம் இல்லை. எழுதிக்கொண்டிருந்த கடிதம், வங்கியின் கடவுச்சொல், பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல் என நினைவகத்தில் இருந்த எதுவும் அதிற் சேர்ந்துவிடலாம். அவற்றினும் பெரிதொன்றுண்டு. வன்தட்டில் உள்ளவற்றையெல்லாம் பிறர் படிக்கவொண்ணாதபடி பூட்டிவைக்கும் மறைகுறியாக்கம் இன்று சாதாரணமாகிவிட்டது. அப்பூட்டின் சாவி, கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரையும் நினைவகத்திலேதான் இருக்கிறது. எனவே வாக்குமூலத்தைப் பூட்டாத இடத்தில் எழுதினால், வீட்டைப் பூட்டிச் சாவியைத் திண்ணையில் வைத்த கதையாகும்.

அப்படியானால் அதனையும் பூட்டிய வன்தட்டிலேயே எழுதலாமே? சொல்வது எளிது. விழுந்துகொண்டிருக்கும் முறைமையின் எந்த உறுப்பு சிதைந்தது என்பது அதற்கே தெரியாது. அதன் கையில் வழக்கமான எழுத்து வேலையைக் கொடுத்தால், உள்ளதையும் அழித்துவிடக்கூடும். லினக்ஸ் முறைமை 2005 முதல் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. நினைவகத்தின் ஒரு மூலையை முன்கூட்டியே ஒதுக்கி, அங்கே சிறிய மாற்று முறைமையொன்றைத் தூங்க வைத்திருப்பார்கள். பெரியது வீழ்ந்தவுடன் சிறியது விழித்தெழுந்து வாக்குமூலத்தை எழுதும். ஆனால் அதற்கு வன்தட்டின் சாவி தெரியாது! நள்ளிரவில் ஆளற்ற அறையிலே விழும் கணினிக்குக் கடவுச்சொல்லைத் தட்டச்சுச் செய்பவர் யார்? ஆளிருந்தாலும் இடர் தீராது. திருடர் கடவுச்சொல்லை ஊகிப்பதைத் தாமதப்படுத்தவேண்டி, அதிலிருந்து சாவியை வருவிக்கும் கணக்கை மிகுந்த நினைவகம் விழுங்குவதாக அமைத்திருக்கிறார்கள். ஒதுக்கிய மூலையோ சிறிது. வீழுமுன்னரே சாவியை அம்மூலையில் வைத்துவிடும் ஏற்பாடு 2025-இலேதான் லினக்ஸின் கருவிற் சேர்ந்தது. இருபது ஆண்டுகள்!

எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது பிறீபீஎஸ்டீ என்னும் முறைமையில் 2016-இற் சேர்க்கப்பட்ட வழி. முன்னேஸ்வரத்துக் கோயில் உண்டியலை எண்ணிப் பாருங்கள். காசு போடச் சாவி வேண்டியதில்லை, எடுப்பதற்குத்தான் வேண்டும். அவ்வாறே வாக்குமூலத்தை ஒருமுறை மாத்திரம் பயன்படும் சாவியாற் பூட்டி, அச்சாவியைப் பொதுச்சாவி என்னும் உண்டியலுள் இட்டுவிடுகிறது. உண்டியலைத் திறக்கும் தனிச்சாவி அக்கணினியில் இருக்கவேண்டியதே இல்லை. வேறிடத்தில் நிருவாகியின் பொறுப்பில் வைக்கலாம். கணினியையே ஒருவன் தூக்கிச் சென்றாலும் அதனிடம் திறவுகோல் கிடையாது.

விண்டோஸின் 'பிற்லொக்கர்' பூட்டு, வாக்குமூலம் எழுதும் பாதையிற் காவலனொருவனை நிறுத்தியிருக்கிறது. அவன் வழியாகச் செல்வன யாவும் பூட்டப்பட்டே வன்தட்டை அடையும். கணினியை உறங்கவைக்கும்பொழுது நினைவகத்தை எழுதிவைப்பதும் இதே பாதையால்தான். கணினியைக் கைப்பற்றிய ஒருவன், வன்தட்டில் ஒரு சிறு துண்டைச் சிதைத்து, காவலனின் பெயரையே பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்று ஓர் ஆராய்ச்சியாளர் காட்டினார். 2025 ஜனவரியில் மைக்ரோசொப்ட் அக்குறையைத் திருத்தியது. இப்பொழுது காவலனைக் காணாவிட்டால் கணினி தொடர்ந்து ஓட மறுத்துவிடும்.

பூட்டிய வன்தட்டைவிட்டு வாக்குமூலம் வெளியேறும்பொழுது என்ன ஆகும்? 2023-இல் அமெரிக்க அரசாங்கத் திணைக்களங்கள் உட்படப் பலரின் மின்னஞ்சல்கள், மைக்ரோசொப்டின் கையொப்பச் சாவியொன்று களவுபோனமையாற் பிறர் கைக்குச் சென்றன. 2021 ஏப்ரலில் விழுந்த ஒரு கணினியின் வாக்குமூலத்தில் அச்சாவி தவறுதலாக அகப்பட்டு, காவல் மிகுந்த வலையமைப்பிலிருந்து பிழை ஆராயும் வேறிடத்திற்குப் பெயர்க்கப்பட்டது என்று அந்நிறுவனம் அவ்வாண்டு செப்டெம்பரில் விளக்கியது. 2024 மார்ச்சிலோ, அச்சாவி அடங்கிய வாக்குமூலம் எதனையும் தாம் காணவில்லை என்று அதனையே திருத்திக்கொண்டது. சாவி போன வழி புலப்படாமலே இருக்க, அத்தகையதொரு கோப்பின்மேற் சந்தேகம் விழுந்ததே அதன் வலிமையைக் காட்டுகிறது.

புத்தளத்திலோ சிலாபத்திலோ மடிக்கணினியைத் திருத்தக் கொடுக்கிறோம். "விழுந்ததன் பதிவை அனுப்புங்கள்" என்று தொலைவிலுள்ள ஒருவர் கேட்கிறார். விண்டோஸ் கணினியில் அது பெரும்பாலும் விண்டோஸ் கோப்புறையினுள் 'மெமரி' என்ற பெயருடன் கிடக்கும். அதனை ஒரு யூஎஸ்பியிற் பிரதி செய்த கணமே வன்தட்டின் பூட்டு அதற்கு இல்லாமற் போகிறது. யூஎஸ்பியைத் தனியே பூட்டலாம். கோப்பைக் கடவுச்சொல்லிட்டுச் சுருக்கி அனுப்பி, அச்சொல்லைத் தொலைபேசியில் வேறாகச் சொல்லலாம். வேலை முடிந்ததும் இருபுறத்தும் அழித்துவிடலாம். பிழை சிறிதெனில், முழு நினைவகத்திற்குப் பதிலாக மிகச் சிறு பதிவையே எழுதும்படி முன்னரே அமைத்துக்கொள்ளவும் இடமுண்டு.