ஆண்மைக் குறைவு: ஒரு வெள்ளியில் தொடங்க வேண்டிய கணக்கு

போர்ட் கிள்ளானில் இந்தச் சிக்கலுக்குப் பலர் பணம் போடும் வரிசை இது: முதலில் தொங்காட் அலி மூலிகைக் காப்பிப் பொட்டலம், அடுத்து கூட்டாளி கொடுத்த மாத்திரை, கடைசியில் டாக்டர். வரிசை தலைகீழாக இருக்கிறது. ஏன் என்று எண்களே சொல்லும்.

எத்தனை பேருக்கு?

பக்கத்துச் சுபாங் ஜெயாவில் 50 வயதைத் தாண்டிய 351 ஆண்களிடம் எடுத்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. விறைப்புக் கோளாறு இருந்தவர்கள் 70.1 விழுக்காடு, அதாவது 246 பேர். லேசானது 32.8, லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடைப்பட்டது 17.7, நடுத்தரம் 5.1, கடுமையானது 14.5 விழுக்காடு. எழுபது என்பது மலைக்க வைத்தாலும், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது லேசான வகைதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1987 முதல் 1989 வரை 40–70 வயதினரிடம் எடுத்த ஆய்வில் 52 விழுக்காடு. முற்றிலும் முடியாதவர்கள் 9.6 விழுக்காடு.

காரணம் மில்லிமீட்டரில்

ஆணுறுப்புக்குப் போகும் தமனியின் விட்டம் 1–2 மி.மீ. இதயத் தமனிக்கு 3–4 மி.மீ. ஒரே கொழுப்பு, ஒரே புகை, ஒரே சர்க்கரை இரண்டையும் அரிக்கும்போது சிறியதுதான் முதலில் அடைபடும். அதனால் விறைப்பு தளர்ந்து 2 முதல் 5 ஆண்டுகளில் நெஞ்சுவலி வருவதுண்டு.

அடுத்து இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. இது ரத்தக் குழாயோடு நரம்பையும் கெடுக்கும். 2019இன் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடம் 31.4. அந்த 18.3இல் 9.4 விழுக்காட்டினருக்கு நோய் இருப்பது தெரியும், 8.9 விழுக்காட்டினருக்குத் தெரியாது. 2023இல் மொத்தம் 15.6 ஆகக் குறைந்தபோதும் 5.9 விழுக்காட்டினர் தெரியாமலே இருந்தார்கள். படுக்கையறையில் தட்டுப்படும் தளர்ச்சி, இப்படித் தெரியாமல் இருப்பவருக்கு உடல் அனுப்பும் முதல் தகவலாக இருக்கலாம்.

புகைப்பவருக்கு இந்தக் கோளாறு வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2019இல் மலேசிய ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைத்தார்கள். ரத்தக் கொதிப்புக்கும் மனச்சோர்வுக்கும் தரும் சில மாத்திரைகளும் காரணமாகலாம். அவற்றைத் தானாக நிறுத்தாமல், மாற்றித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். அதிகாலையில் இயல்பாக விறைப்பு வந்து, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வராவிட்டால், காரணம் பெரும்பாலும் மனத்தில் இருக்கும். அதற்குப் பேச்சுதான் மருந்து.

முதல் செலவு

அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் அங்கேயே பார்த்துவிடலாம். அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. சொல்லக் கூச்சப்படுவோருக்கு 5 கேள்விகள் கொண்ட படிவம் உண்டு: 25க்கு 22 எடுத்தால் கவலை வேண்டாம், 21 அல்லது அதற்குக் கீழே என்றால் கோளாறு, 7 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமை.

மாத்திரைக் கணக்கு

1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற சில்டெனாஃபில் 25, 50, 100 மி.கிராமில் வருகிறது. ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும்; சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். நாசி லெமாக் போன்ற கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் ஒரு மணி நேரம்வரை தாமதமாகும். தடாலாஃபில் என்ற இன்னொரு மாத்திரை 36 மணி நேரம் தாங்கும்.

பலன் எவ்வளவு? சோதனைகளில் சில்டெனாஃபில் 100 மி.கிராம் எடுத்தவர்களில் 82 விழுக்காட்டினருக்கு முன்னேற்றம். ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 24. நீரிழிவுக்காரர்களிடம் இது 56க்கு 10 எனச் சரிகிறது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமல் மாத்திரையை மட்டும் நம்பினால் கைக்கு வருவது குறைவு.

தடாலாஃபிலைத் தினமும் 5 மி.கிராம் போட்டால் மாதம் 30 மாத்திரை. வாரம் இருமுறை 20 மி.கிராம் போட்டால் மாதம் 8 அல்லது 9. ஆகவே 5 மி.கிராமின் விலை 20 மி.கிராமின் விலையில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்குக்கு மேல் போனால், தினசரி முறை பணத்தில் நட்டம்.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் திடீரென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். மாத்திரை போட்டபின் நெஞ்சுவலி வந்தால் சில்டெனாஃபிலுக்கு 24 மணி, தடாலாஃபிலுக்கு 48 மணி நேரம்வரை நைட்ரேட் தரக்கூடாது. போட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை பலிக்காதவர்களுக்கு வெற்றிடப் பம்பு, உறுப்பிலேயே போடும் ஊசி, கடைசியாக உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவி என வழிகள் உண்டு.

பொட்டலத்தின் உண்மை விலை

மூலிகைக் காப்பி என்று விற்கப்பட்ட சிலவற்றில் சில்டெனாஃபிலும் தடாலாஃபிலும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு கண்டுபிடித்திருக்கிறது. அளவு தெரியாது, நைட்ரேட் எடுப்பவருக்கு அதுவே விஷம். பதிவு பெற்ற மருந்தின் உறையில் மால் என்ற எழுத்துகளோடு 8 இலக்க எண்ணும், முடிவில் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். பாரம்பரிய மருந்துக்கு அந்த எழுத்து டி. பதிவில்லாததை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளிவரை அபராதம் அல்லது 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும்.

ஆறு மாதப் பேரேடு

இத்தாலியில் 110 பருமனான ஆண்களிடம் நடந்த ஆய்வு 2004இல் வெளியானது. உணவும் உடற்பயிற்சியும் கற்றுத்தரப்பட்ட 55 பேரில் 17 பேருக்கு, இரண்டு ஆண்டுகளில் விறைப்பு இயல்புக்குத் திரும்பியது. மற்ற 55 பேரில் 3 பேருக்கு மட்டும். 2018இல் வந்த ஒரு மதிப்பாய்வு சொல்லும் அளவு: வாரம் 4 முறை 40 நிமிடம், 6 மாதம். மொத்தம் 4,160 நிமிடம், செலவு 0.

கிளினிக் இரண்டு முறை 2 வெள்ளி, நிபுணர் ஒருமுறை 5 வெள்ளி: ஆக 7. புகைப்பவர் நாளுக்கு ஒரு சிகரெட் பெட்டியை (விலை 17 வெள்ளி என்று வைப்போம்) நிறுத்திவிட்டால், 182 நாளில் மிச்சம் 3,094 வெள்ளி. அதன் பிறகும் மாத்திரை தேவைப்பட்டால் பணம் கையிலேயே இருக்கும்.