ஜீப்பை எத்தனை இஞ்சு தூக்கலாம்? தினமும் ஓட்டுறவங்க பட்டறைக்கு போகும் முன் பார்க்க வேண்டிய விஷயங்கள்

சிவகாசி,

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பட்டாசு ஆலைக்கு போகிற பாதை எப்படி இருக்கும் என்று அங்கே வேலைக்கு போகிறவர்களுக்கு சொல்லத் தேவையில்லை. வெடி விபத்து நடந்தால் ஊருக்கு பாதிப்பு வரக்கூடாது என்பதால் ஆலைகள் எல்லாம் ஊரை விட்டு தள்ளி கரிசல் காட்டுக்குள் இருக்கின்றன. தார் ரோடு ஒரு இடத்தில் முடிந்து விடும். அதற்கு அப்புறம் டிராக்டர் ஓடிய தடம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் களி மாதிரி டயரில் அப்பிக்கொள்ளும்.

அதனால்தான் இந்த பகுதியில் ஜீப், பொலிரோ, தார் போன்ற வண்டிகளுக்கு எப்போதும் மவுசு. வண்டி வாங்கிய சூட்டோடு பலருக்கும் வருகிற அடுத்த ஆசை, அதை இன்னும் ரெண்டு இஞ்சு, நாலு இஞ்சு தூக்கிக் கட்ட வேண்டும் என்பதுதான். 'லிப்ட் கிட்' என்ற பெயரில் ஆன்லைனிலேயே சாமான் கிடைக்கிறது. வண்டி உயர்ந்து நின்றால் கெத்தாகத்தான் இருக்கும். ஆனால் அதே வண்டியில்தான் காலையில் பிள்ளைகளை பள்ளிக்கூடத்தில் விட வேண்டும், ஆலைக்கு போக வேண்டும், அவசரம் என்றால் நான்கு வழிச்சாலையில் மதுரை ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டும்.

இதுகுறித்த விவரம் வருமாறு:-

எது உயரும், எது உயராது?

வண்டியை தூக்கினால் எல்லாமே உயர்ந்து விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. ஸ்பிரிங்கில் செய்யும் வேலை எல்லாம் அச்சுக்கு மேலே இருக்கிற பாடியையும் சேசிசையும் மட்டும்தான் உயர்த்தும். ஜீப் மாதிரி வண்டியில் பின்னச்சின் நடுவே டிபரன்ஷியல் உருண்டை தொங்குகிறதே, அது இருந்த இடத்திலேயே இருக்கும். டிராக்டர் தடத்தில் நடுமேடு உரசுவது பெரும்பாலும் அந்த உருண்டையில்தான். 4 இஞ்சு லிப்ட் போட்டாலும் அந்த உரசல் நிற்காது.

அந்த உருண்டை உயர வேண்டும் என்றால் டயர் பெரிதாக வேண்டும். அதிலும் பாதிதான் கணக்கு. டயரின் மொத்த உயரம் 2 இஞ்சு கூடினால் அச்சு 1 இஞ்சுதான் உயரும்.

அப்படியானால் லிப்ட் எதற்கு? பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுற்ற இடம் கிடைக்கும். மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்காது. புட்போர்டும் சேசிசும் மண்ணில் உட்காராது. அவ்வளவுதான்.

கம்பெனி கொடுக்கும் உயரத்தையும் பார்க்க வேண்டும். பொலிரோவுக்கு தரையிலிருந்து இடைவெளி 180 மி.மீ. மாருதி ஜிம்னிக்கு 210 மி.மீ. 2020-ல் வந்த புது தாருக்கு 226 மி.மீ. அதாவது கம்பெனியில் இருந்து வரும்போதே பொலிரோவை விட தார் கிட்டத்தட்ட 2 இஞ்சு உயரம். அந்த உயரத்துக்கு தக்க ஸ்பிரிங், பிரேக், ஸ்டீரிங் எல்லாம் கணக்கு பார்த்து செய்யப்பட்டவை. அதன் மேல் இன்னும் 3 இஞ்சு ஏற்றுவது ஆலைப் பாதைக்கு தேவையே இல்லாத வேலை.

கரிசல் மண்ணுக்கு மருந்து வேறு

களி மண்ணில் வண்டி சிக்குவது உயரம் இல்லாததால் மட்டும் அல்ல. டயர் பட்டனுக்குள் மண் அடைத்துக்கொண்டு வழுவழு என்று ஆகி விடுவதால்தான் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. பட்டன் இடைவெளி அகலமாக உள்ள டயர் என்றால் மண்ணை தானே உதறி விடும். தடத்தில் இறங்கும் முன் காற்றை 20 பி.எஸ்.ஐ. பக்கம் குறைத்தால் டயர் பரந்து பிடிக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் பழைய அளவுக்கு காற்று அடிக்க வேண்டும். குறைந்த காற்றோடு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயர் சூடேறி வெடிக்கும். பேட்டரியில் ஓடும் சின்ன காற்று பம்பு ஒன்று வண்டியில் கிடந்தால் போதும்.

இன்னொன்று. ரோட்டில் ஓடுகிற பெரும்பாலான பொலிரோ பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. தாரிலும் 2023 ஜனவரி முதல் அந்த மாதிரி மாடல் வருகிறது. நாலு சக்கரமும் இழுக்காத வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் சேற்றில் அது உயரமாக நின்று சுற்றும். லிப்ட் காசை நல்ல டயரில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

பட்டை வண்டிகள்

பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பட்டைக்கட்டு. பத்து, பதினைந்து வருஷம் ஓடிய வண்டியில் பட்டை தொங்கிப்போய் வளைவே இல்லாமல் தட்டையாக கிடக்கும். வண்டி தாழ்ந்து விட்டது என்று லிப்ட் தேடுவார்கள். பட்டையை பிரித்து, தொய்ந்ததை வளைவு ஏற்றி, வெடித்ததை மாற்றி, புது புஷ் போட்டாலே போன உயரத்தில் பெரும்பகுதி திரும்ப வந்து விடும். இது கம்பெனி கொடுத்த உயரம்தான். புதிதாக எதையும் மாற்றியதாக ஆகாது.

அதற்கு மேல் வேண்டும் என்றால் கட்டில் கூடுதலாக ஒரு பட்டை சொருகுவார்கள். இது 1 இஞ்சு, ஒன்றரை இஞ்சு தரும். பாரம் ஏற்றுகிறவர்களுக்கு சரி. பாரம் இல்லாமல் ஓட்டினால் இடுப்பு கழன்று விடும். தினமும் ஒரே ஆள் ஓட்டுகிற வண்டிக்கு இது வேண்டாத வேலை.

ஷாக்கிளை நீளமாக்குவது மலிவான வழி. 2 இஞ்சு நீள ஷாக்கிள் போட்டால் வண்டி 1 இஞ்சுதான் உயரும். முன்பக்கம் போட்டால் அச்சின் சாய்வு மாறி, ஸ்டீரிங் நேரே நிற்காமல் அங்கும் இங்கும் அலையும். மெலிந்த தகட்டில் வெல்டிங் வைத்து செய்த ஷாக்கிள் என்றால் பக்கவாட்டில் ஆடும். வேகமாக போகிற வண்டிக்கு இது ஆபத்து.

மூன்றாவது வழி, அச்சுக்கு அடியில் இருக்கிற பட்டைக்கட்டை அச்சுக்கு மேலே கொண்டுபோய் கட்டுவது. பழைய வில்லிஸ் வகை ஜீப்களில் இதை செய்கிறார்கள். ஒரே அடியில் 4, 5 இஞ்சு கிடைக்கும். ஆனால் கியர் போட்டு இழுக்கும்போது அச்சே முறுக்கிக்கொள்ளும். ஷாப்ட் கோணம் ஏறி கிராஸ் சீக்கிரம் போய்விடும். ஸ்டீரிங் ராடு சாய்ந்து, குழியில் விழும்போதெல்லாம் வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும். போட்டிக்கு போகிற ஜீப்புக்கு செய்யலாம். பிள்ளைகளை ஏற்றுகிற ஜீப்புக்கு இது கூடவே கூடாது.

2010-ல் வந்த முதல் தாரின் சில மாடல்களில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை. முன்னால் ஒரு போல்ட்டை முறுக்கினாலே வண்டி உயர்ந்து விடும் என்பதால் காசில்லாத லிப்ட் என்று இதை நினைக்கிறார்கள். முறுக்கினால் சக்கரம் கீழே இறங்குகிற அளவு குறைந்து போகும். குழியில் டமார் என்று அடிக்கும். சக்கரத்துக்கு போகிற ஷாப்ட் கோணலாகி ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் ஒழுகும். கொஞ்சமாக சரி செய்யலாமே தவிர, முழுக்க முறுக்குவது நல்லதல்ல.

காயில் ஸ்பிரிங் வண்டிகள்

2020 தாரில் நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங். இதில் ஸ்பிரிங் மேலே வட்டமாக ஒரு ஸ்பேசர் வைத்து தூக்குவது ஒரு வகை. ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் ரெண்டையும் சேர்த்து மாற்றுவது இன்னொரு வகை. ஸ்பேசர் விலை குறைவு, ஒரு நாளில் வேலை முடியும். ஆனால் ஷாக் அப்சர்பர் பழைய நீளத்திலேயே இருப்பதால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அதுவே கட்டி இழுக்கும். தினமும் ஓட்டுகிற வண்டிக்கு ஸ்பேசர் என்றால் 1 இஞ்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2 இஞ்சு வேண்டும் என்பவர்கள் செட்டாக மாற்றுவதே முறை.

ஜிம்னியில் அச்சை பக்கவாட்டில் பிடித்திருக்கும் ராடு ஒன்று உண்டு. தூக்கினால் அந்த ராடு அச்சை ஒரு பக்கமாக இழுத்து விடும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் வெளியே துருத்தி, இன்னொன்று உள்ளே போயிருக்கும். நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டுத்தான் இதை சரி செய்ய முடியும்.

கவிழ்கிற கணக்கு

உயரமான வண்டி சீக்கிரம் கவிழும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தில் பாதியை, வண்டியின் கனம் மையம் கொண்டிருக்கும் உயரத்தால் வகுக்க வேண்டும். வருகிற எண் சிறிதாக சிறிதாக கவிழ்வது எளிது. சாதாரண காருக்கு இது 1.3, 1.4 என்று வரும்.

ஒரு ஜீப்பின் சக்கர அகலம் 1520 மி.மீ., கன மையம் 700 மி.மீ. உயரம் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 760-ஐ 700-ஆல் வகுத்தால் 1.09. மையம் 2 இஞ்சு ஏறினால் 1.01. 4 இஞ்சு ஏறினால் 0.95. அச்சும் சக்கரமும் கீழேயே இருப்பதால் நிஜத்தில் இவ்வளவு முழுதாக குறையாது. ஆனால் மேலே கேரியரில் சாமான், பின் சீட்டில் ஆறு பேர் என்று ஏற்றினால் அந்த லாபமும் போய்விடும்.

சாத்தூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் போகும்போது மாடு குறுக்கே வந்தாலோ, மீடியன் இடைவெளியில் பைக் திரும்பினாலோ ஸ்டீரிங்கை சட்டென்று ஒடிப்போம். அந்த ஒரு நொடியில்தான் இந்த கணக்கு வேலை செய்யும்.

ஆலைக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு. புட்போர்டு 4 இஞ்சு மேலே போனால், கையில் தூக்குச்சட்டியோடு சேலை கட்டிய பெண்கள், வயசானவர்கள் எப்படி ஏறுவார்கள்? மழைக்காலத்தில் சேறான செருப்போடு வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? லிப்ட் விற்கிறவர்கள் இதை எல்லாம் சொல்ல மாட்டார்கள்.

பிரேக்கில் ஒளிந்திருக்கும் வில்லங்கம்

பாரம் ஏற்றுகிற சில வண்டிகளில் பின்னச்சுக்கும் சேசிசுக்கும் நடுவே சின்ன கம்பி ஒன்று வால்வோடு சேர்ந்திருக்கும். பாரம் ஏறி பாடி தாழ்ந்தால், பின்சக்கரத்துக்கு பிரேக் அழுத்தம் கூட வேண்டும் என்று அந்த வால்வு புரிந்துகொள்ளும். லிப்ட் போட்டு பாடியை உயர்த்தி விட்டு கம்பியை சரி செய்யாமல் விட்டால், வண்டி எப்போதும் காலியாக போகிறது என்றே அது நினைக்கும். நிறைய ஆளோடு போகும்போது பின் பிரேக் சரியாக பிடிக்காது. பல இடங்களில் இந்த கம்பியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிரேக் ஹோஸ் நீளமும் முக்கியம். சக்கரம் முழுக்க தொங்கும்போது ஹோஸ் விறைத்து நின்றால் என்றைக்காவது ஒரு நாள் பிய்யும். ஏ.பி.எஸ். ஒயருக்கும் இதே கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182 ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாமல் மாற்றம் செய்த உரிமையாளருக்கு 6 மாதம் வரை ஜெயில், அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். டயர் ஒன்று, லிப்ட் ஒன்று, பம்பர் ஒன்று என்று தனித்தனியாக எண்ணினால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். முன்னால் இரும்பு பம்பர் மாட்டுவதன் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு சொல்லி விட்டது.

செங்கோட்டை வழியாக கேரளாவுக்கு போய் வருகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அங்கே மோட்டார் வாகனத்துறை கெடுபிடி அதிகம். 2021 ஆகஸ்டில் கண்ணூரில், யூடியூபில் பிரபலமான ஒரு வேனையே விதிமீறி மாற்றம் செய்ததாக பறிமுதல் செய்தார்கள். சபரிமலை சீசனில் நடுவழியில் வண்டியை பிடித்து வைத்தால் மாலை போட்ட சாமிகள் பாடுதான் திண்டாட்டம்.

இன்சூரன்சும் இருக்கிறது. கம்பெனிக்கு சொல்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், வண்டி சேதத்துக்கு பணம் கேட்கும்போது அதையே காரணம் காட்டி மறுக்க வாய்ப்பு உண்டு. புது வண்டி என்றால் வாரண்டியும் கேள்விக்குறிதான். பட்டாசு, வெடி மருந்து ஏற்ற லைசென்ஸ் உள்ள வண்டியில் இந்த வேலை எதையும் நினைக்கவே கூடாது. அவற்றுக்கு 2008-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் தனி நிபந்தனைகள் உள்ளன.

பட்டறையில் கேட்க வேண்டியது

இவ்வளவுக்கு அப்புறமும் செய்தே தீருவேன் என்பவர்கள், செய்வதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக கேட்டுக்கொள்வது நல்லது. வேலை என்று வந்தால் 1 இஞ்சு, மிஞ்சிப்போனால் 2 இஞ்சு. யூ போல்ட் புதுசாகத்தான் போட வேண்டும். பழையதை திரும்ப முறுக்கினால் பிடிக்காது. ஸ்டீரிங், அச்சு சம்பந்தப்பட்ட எதிலும் வெல்டிங் வைக்க விடக்கூடாது. வீல் அலைன்மென்ட் அன்றைக்கே பார்க்க வேண்டும்.

ஹெட்லைட்டையும் கீழே இறக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரே பைக்கில் வருகிறவருக்கு ரோடே தெரியாது. பெரிய டயர் போட்டிருந்தால் மீட்டரும் பொய் சொல்லும். 29 இஞ்சு டயரை 31 ஆக்கினால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் போய்க்கொண்டிருக்கும்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா போல்ட்டையும் மறுபடி முறுக்கித் தர வேண்டும் என்று காசு கொடுக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒத்துக்கொள்ளாத பட்டறை என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம்.