திருத்தத்தின் திருத்தம்

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது அது. சாக்கோட்டையில் அப்படியொரு பெட்டியை இன்னும் வைத்திருப்பவருக்குப் புதுமை வேண்டாம். இருப்பது ஓடினால் போதும். லினக்ஸின் உட்கருவான கெர்னலுக்கு 'நிலைப் பதிப்பு' என்று ஒன்று இருப்பது இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். புது வசதிகள் அதில் பெரும்பாலும் சேராது. மையப் பதிப்பில் செய்த பிழைதிருத்தங்கள் மட்டும் பின்னோக்கி வந்துசேரும்.

சிக்கல் இங்கேதான். வைஃபையை இயக்கும் டிரைவரில் ஒரு பிழையைத் திருத்துகிறார்கள். அந்தத் திருத்தமே இன்னொரு பிழையைக் கொண்டுவந்துவிடுகிறது. மையத்தில் அதையும் சரிசெய்துவிடுவார்கள். ஆனால் முதல் திருத்தம் மட்டும் பழைய பதிப்புக்குப் போய், இரண்டாவது போகாமல் நின்றுபோனால்? நேற்றுவரை ஓடியது இன்று ஓடாது. நல்லது செய்யப்போய் வந்த வினை.

இதற்காகத்தான் 'ஃபிக்ஸஸ்' என்றொரு வரி. எந்த மாற்றம் பிழையைக் கொண்டுவந்ததோ, அதன் அடையாளக் குறியில் முதல் 12 எழுத்துகளையாவது புதிய திருத்தத்தின் குறிப்பில் எழுதவேண்டும். தவறு எங்கே தொடங்கியது என்று பகிரங்கமாக ஒப்புக்கொள்கிற வரி அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் எந்தெந்தப் பழைய பதிப்புகளுக்குப் பின்திருத்தம் போகவேண்டும் என்று பராமரிப்பவர்கள் தேடுகிறார்கள். மையத்தில் ஏற்காத திருத்தம் நிலைப் பதிப்புக்குள் வரக்கூடாது என்பது பொதுவிதி.

2023இல், நீண்டகாலப் பதிப்புகளின் ஆயுளை 6 ஆண்டிலிருந்து 2 ஆண்டாகக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். அவ்வளவு பழையதை யாரும் பயன்படுத்துவதில்லை என்றார்கள். 'யாரும்' என்ற சொல்லுக்குள் சாக்கோட்டை இருக்கிறதா என்பதே நம் கேள்வி.