சாணவாயு அடுப்பு பற்றாவிடில் செய்ய வேண்டுவன

தொழுவம் உள்ள வீட்டிற்குச் சாண எரிவாயுக் கலன் பெருந்துணை என்பதை நம் அங்கத்தினர்கள் நன்கு அறிவர். அடுப்பிற்கு எரிபொருளும் நிலத்திற்கு எருவும் ஒரே சாணத்திலிருந்து கிடைக்கின்றன. 1950களில் ஜஸ்பாய் படேல் வகுத்த, இரும்புக் கூண்டு மிதக்கும் அமைப்பைக் கதர் கிராமத் தொழில் கமிஷன் நாடெங்கும் பரப்பியது. 1984இல் செங்கற் குவிமாடம் கொண்ட ‘தீனபந்து’ அமைப்பு வந்தது. செலவு குறைவாதலால் சிறு விவசாயிகளுக்கும் அது ஏற்றதாயிற்று.

ஆயினும் ஒரு நாள் காலையில் அடுப்பு பற்றவில்லையெனில் சிலர் அன்றே விறகிற்குத் திரும்பிவிடுகின்றனர். வாயு வராதபோது சாணம் கரைத்து ஊற்றுவானேன் என்று அதனையும் நிறுத்துகின்றனர். நாளடைவில் உள்ளிருக்கும் கரைசல் இறுகி, நல்ல கலன் வெறுங்குழியாகிறது. ஓர் ஊசியாலோ ஒரு வாளி வெந்நீராலோ தீர்ந்திருக்கக் கூடிய சிறு குறைக்காகக் கலன் முழுவதையும் இழக்கலாமா? அடுப்பில் தொடங்கி, குழாய் வழியே கலன் வரை முறையாகப் பார்த்துச் சென்றால் பழுது எங்கே என்பது தானே விளங்கும்.

முதற்கண் எச்சரிக்கை

காற்றில் நூற்றுக்கு 6 முதல் 12 பங்கு வரை சாணவாயு கலந்தால் அக்கலவை வெடிக்கும் தன்மையது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தீக்குச்சி கிழிக்கலாகாது. மின்விளக்கின் ஸ்விட்சையும் தொடலாகாது. வால்வை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். கசிவைச் சோதிக்கச் சோப்பு நீரே கருவி. தீயை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அடுப்பை மூட்டும்போதும் முதலில் தீக்குச்சி, பின்னரே வால்வு என்பதை வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

அடுப்பு

வால்வைத் திறந்ததும் ‘உஸ்’ என்னும் ஓசை கேட்கிறதா என்று பாருங்கள். ஓசை இல்லையெனில் முதலில் அடுப்பின் ஜெட் துளையை நோக்குக. துருவும் தூசியும் அதனை அடைத்திருக்கலாம். மெல்லிய ஊசியால் குத்தி எடுக்கலாம். துளை பெரிதாகாதபடி கவனம் தேவை. பர்னரின் துளைகளில் பொங்கி வழிந்த கஞ்சி காய்ந்திருப்பின் கழுவி உலர்த்த வேண்டும்.

ஓசை இருந்து, சுடர் பர்னரை விட்டு எழும்பி அணைந்தால் காற்று மிகுதி என்பது பொருள். காற்று வழியைச் சிறிது மூடுக. சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தில் கரி பிடித்தால் காற்று போதவில்லை. சிறிது திறக்க வேண்டும். நீலச் சுடரே சரியானது. சிலிண்டர் காஸுக்கென அமைந்த அடுப்பை அப்படியே இணைத்தால் நன்கு எரியாது. அதன் ஜெட் துளை மிகச் சிறியது. சாணவாயுவிற்கென அமைந்த அடுப்பையே வாங்க வேண்டும்.

குழாய்

சுடர் துள்ளித் துள்ளி எரிந்து அணைந்தால் குழாயில் நீர் தேங்கியிருக்கிறது. கலனிலிருந்து வரும் வாயு ஈரம் நிறைந்தது. குளிர்ந்த குழாயில் அந்த ஈரம் நீராகித் தாழ்ந்த இடத்தில் தங்கி வழியை அடைக்கும். அவ்விடத்தில் உள்ள வடிகுழாயைத் திறந்து நீரை வெளியேற்றி உடனே மூட வேண்டும். வாரம் ஒருமுறை இதைச் செய்வது நலம். ரப்பர் குழாய் மடிந்தோ வெடித்தோ இருப்பின் மாற்றிவிடுக.

வாயு

அடுப்பும் குழாயும் செம்மையாயிருந்தும் பற்றவில்லையெனில் வாயுவின் அளவையும் குணத்தையும் ஆராய வேண்டும். மிதக்கும் கூண்டு உயர்ந்திருந்தால் வாயு உண்டு. குவிமாடக் கலனில் வாயு சேரச் சேர வெளித்தொட்டியில் கரைசல் மட்டம் உயரும். மட்டம் உயராவிடில் வாயு உண்டாகவில்லை, அல்லது கசிகிறது.

வாயு நிறைந்திருந்தும் எரியாமை புதிதாகச் சாணம் நிரப்பிய கலனில் பெரும்பாலும் காணப்படும். சாணவாயுவில் எரியும் பகுதியாகிய மீத்தேன் சாதாரணமாக நூற்றுக்கு 55 முதல் 60 பங்கு இருக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி எரியாத கரியமில வாயு. தொடக்கத்தில் கரியமில வாயுவே மிகுந்து வரும். அதனைத் திறந்த வெளியில் போக்கிவிட்டுப் பின்னர் சேரும் வாயுவை அடுப்பில் மட்டுமே சோதிக்க வேண்டும். கலனின் வாயில் தீக்குச்சி காட்டுவது பேராபத்து. உள்ளே காற்றிருந்தால் தீ உட்புகும்.

குழி

ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கன மீட்டர் வாயு வேண்டும். ஒரு கன மீட்டருக்குச் சுமார் 25 கிலோ சாணம் தேவை. ஒரு மாடு 10 கிலோ அளவே தரும். ஆகவே நான்கு மாடுகளேனும் இன்றி இவ்வளவு வாயுவை எதிர்பார்த்தல் வீண். சாணமும் நீரும் சம அளவாகக் கரைத்து நாள்தோறும் ஊற்ற வேண்டும்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் மரவள்ளித் திப்பி எளிதில் கிடைக்கிறது. அதனை ஒரேயடியாகக் கொட்டினால் கரைசல் புளித்து, மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் நலிந்துவிடும். நீல லிட்மஸ் தாள் நன்கு சிவந்தால் புளிப்பு மிகுந்ததென்று அறியலாம். சில நாள் ஏதும் ஊற்றாமல் விட்டு, பின்னர் சாணக் கரைசலை மட்டும் சிறிது சிறிதாக ஊற்றி வர வேண்டும். நெசவாளர் அங்கத்தினர்கள் சாயக் கழிவு நீரையும், மற்றவர் பினாயில், சோப்பு, பூச்சிமருந்து கலந்த நீரையும் கலனுக்குள் விடலாகாது. இவையும் அந்நுண்ணுயிர்களுக்குப் பகையாகும்.

கல்வராயன் மலைக் கிராமங்களில் மார்கழி, தை மாதக் குளிரால் வாயு குறையும். இந்நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் உகந்தது. ஆகவே வெயிலில் காய்ந்த நீரால் அல்லது இளஞ்சூடான நீரால் சாணத்தைக் கரைத்து ஊற்றி, கலனைச் சுற்றி வைக்கோலோ சோகையோ போர்த்தினால் நற்பயன் தரும். அடுப்பருகே மட்டும் வைக்கோல் வேண்டாம்.

எக்காரணம் கொண்டும் குழிக்குள் எவரும் இறங்கக் கூடாது. அங்குத் தங்கும் நச்சு வாயு மனிதனை நொடியில் மயங்கச் செய்யும். காக்க இறங்குபவனும் உடன் மாள்வான். தூர்வாருதல் பயிற்சி பெற்றோர்க்கே உரிய வேலை.

இவ்வளவும் பார்த்தும் பழுது தீரவில்லையெனில் அனுபவமுள்ள கொத்தனாரை அழைக்க வேண்டும். ஒவ்வொரு வீடும் தனித்தனியே ஆள் தேடுவதைக் காட்டிலும், ஊர்ச் சங்கம் ஒரு பயின்ற இளைஞரையும், ரப்பர் குழாய், வால்வு, ஜெட் முதலிய சில உதிரிப் பாகங்களையும் பொதுவில் வைத்திருப்பது சிக்கனமாகும். ஓரிரு மாடுகளே உள்ள நெசவாளரும் அண்டை விவசாயியுடன் சேர்ந்து ஒரே கலனை நடத்தலாம். ஒருவர் அடுப்பு அணைந்தால் அடுத்தவர் வந்து நோக்குவதே கூட்டுறவு. அங்ஙனம் செய்யின் நம் ஊர்களில் பழுதாகிக் கிடக்கும் கலன்கள் மீண்டும் சுடர்விடும் என்பது திண்ணம்.