நூலும் நீரும் குண்டும்: உப்பளக் கரையின் மட்ட அதிசயங்கள் தெரியுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியிலிருந்து வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் வந்தால் மரக்காணம். சாலையோரம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள். வானத்தை அப்படியே தரையில் விரித்துப் போட்ட மாதிரி இருக்கும். வண்டியை நிறுத்தி எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆனால், அந்தத் தரையை அவ்வளவு சமமாக்கியது எது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

விடை: ஒரு முழம் கயிறு, ஒரு குடம் தண்ணீர், ஒரு குண்டு, ஒரு குச்சி! ஒரு பொருளை இருக்க வேண்டிய இடத்தில் துல்லியமாக நிறுத்தவும், அந்த இடத்தைக் குறிக்கவும் மனிதன் கண்டுபிடித்த கருவிகள் எல்லாம் இந்த நான்குக்குள் அடக்கம். நம்ப முடியவில்லையா? மேலே படியுங்கள்.

உப்புப் பாத்திக்கு ரசமட்டம் எது தெரியுமா?

தண்ணீர்தான்! வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை பிறக்கும் சமயத்தில் உப்பள வேலை தொடங்குகிறது. மழை கரைத்த வரப்பைக் கட்ட வேண்டும், சேற்றை வழிக்க வேண்டும், பாத்தியின் தரையை மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். பிறகு பாத்திக்குள் கொஞ்சம் தண்ணீரை விடுகிறார்கள். எங்கே மண் தலை நீட்டுகிறதோ அது மேடு. எங்கே தண்ணீர் தேங்குகிறதோ அது பள்ளம். மேட்டை வழித்துப் பள்ளத்தில் போட்டால் வேலை முடிந்தது. மின்கலம் இல்லை, திரை இல்லை, ஒரு விரற்கடை வித்தியாசம்கூடத் தப்பாது!

இதில் ஏன் இவ்வளவு கவனம்? பாத்தியின் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் உப்புநீர் முழுவதும் அங்கே ஓடிவிடும். மேட்டு மூலை காய்ந்து மண் தெரியும், வாரும்போது உப்போடு சேறும் சேர்ந்து வரும். வெள்ளை வெளேர் என்ற உப்புக்கு முதல் காரணம் சமமான தரைதான்.

அதே நேரம், கடல்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தானாக இறங்கவும் வேண்டும். அதற்குப் பாத்திக்குப் பாத்தி மெல்லிய வாட்டம் வேண்டும். ஒவ்வொரு பாத்தியும் மட்டம், பாத்திகளின் வரிசையோ வாட்டம். இரண்டையும் ஒரே வெளியில் கொண்டுவருவது எவ்வளவு பெரிய கைத்தேர்ச்சி!

உப்பு எப்போது பிறக்கும் என்று சொல்லும் கண்ணாடிக் குச்சி தெரியுமா?

உப்பளத்தில் ‘டிகிரி பார்ப்பது’ என்று ஒரு வேலை உண்டு. அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாயை உப்புநீரில் மிதக்க விடுவார்கள். நீரில் உப்பு ஏற ஏறக் குழாய் மேலே எழும்பும். அதன் தண்டில் இருக்கும் கோடுகளே டிகிரி.

இந்த அளவை உருவாக்கியவர் அந்துவான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர். ஆண்டு 1768. அவர் கோடுகளை எப்படிக் குறித்தார் தெரியுமா? சாதாரண உப்பை வைத்துத்தான்! நல்ல தண்ணீரில் குழாய் நிற்கும் இடம் 0. நூற்றுக்கு 15 பங்கு உப்பு கரைந்த நீரில் நிற்கும் இடம் 15. இடைப்பட்டதைச் சமமாகப் பிரித்தார், அவ்வளவுதான்.

கடல்நீர் சுமார் 3 டிகிரியில் உள்ளே வருகிறது. வெயிலும் காற்றும் அதை வற்றவைத்து 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படிகமாகத் தொடங்குகிறது. அதற்குள் வந்த நீரில் பத்தில் ஒரு பங்கே மிச்சம்! 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மெக்னீசிய உப்புகளின் கசப்பு சேர்ந்துவிடும். எனவே அந்த நீரை வெளியேற்றிவிடுகிறார்கள். நம் வீட்டு உப்பின் சுவை அந்தத் தண்டில் இருக்கும் நாலைந்து கோடுகளுக்குள் அடங்கியிருக்கிறது!

ரசமட்டத்தில் ரசம் இல்லை தெரியுமா?

கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டத்தின் பெயரில் பாதரசம் இருக்கிறது. உள்ளே இருப்பதோ பெரும்பாலும் சாராய வகைத் திரவம். அது தண்ணீரைவிட எளிதாக ஓடும், குளிரில் உறையாது.

இன்னும் பெரிய ஆச்சரியம் அந்தக் கண்ணாடிக் குமிழ்க்குழாய். நேராகத் தெரியும் அது உண்மையில் நேர் இல்லை! நடுவில் நூலிழை அளவு மேடாக வளைந்திருக்கும். அந்த வளைவின் உச்சியைத் தேடித்தான் காற்றுக்குமிழி ஓடுகிறது. குழாய் முழு நேராக இருந்தால் குமிழிக்கு நிற்க இடமே தெரியாது. நேரைக் காட்டுவதற்கு வளைவு தேவைப்படுகிறது!

உங்கள் வீட்டில் வேலை நடந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ரசமட்டத்தை வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் இடவலமாகத் திருப்பி வையுங்கள். இரண்டு முறையும் குமிழி ஒரே மாதிரி நின்றால் கருவி சரி. மாறினால் கருவியில்தான் கோளாறு.

இதைவிட மலிவான கருவி ஒன்று இருக்கிறது: தண்ணீர் நிரப்பிய, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டியூப். ஒரு முனை வாசல் தூணில், மறுமுனை கொல்லைச் சுவரில். நடுவில் எத்தனை அறை, எத்தனை திருப்பம் இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று: டியூபுக்குள் காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. ரசமட்டத்தில் குமிழிதான் நீதிபதி. டியூபிலோ குமிழிதான் குற்றவாளி!

‘நூல்’ என்பது ஓர் அளவு தெரியுமா?

தச்சர் “ரெண்டு நூல் குறை” என்றால் கால் அங்குலம் குறை என்று பொருள். எட்டு நூல் ஓர் அங்குலம். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். அளக்கும் கருவியின் பெயரே அளவின் பெயராகிவிட்டது!

நீலப் பொடியோ கரித்தூளோ தோய்த்த நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டி விட்டால் பலகையில் நேர்க்கோடு விழும். இதுதான் நூல் அடிப்பது. படிக்கும் புத்தகத்துக்கும் நாம் ‘நூல்’ என்றே பெயர் வைத்தோம். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் திருத்துவது போல மனத்தின் கோணலைத் திருத்துவது நூல் என்று பவணந்தி முனிவரின் நன்னூல் காரணம் சொல்கிறது. தச்சுப்பட்டறையிலிருந்து இலக்கணத்துக்குப் போன சொல்!

இரண்டு தூக்குக்குண்டுகள் இணையாகத் தொங்குவதில்லை தெரியுமா?

தூக்குக்குண்டு ஏறத்தாழ பூமியின் நடுவை நோக்கியே தொங்குகிறது. அப்படியானால் மரக்காணத்தில் ஒன்றும் கடலூரில் ஒன்றும் தொங்கினால்? இரண்டு நூல்களும் கீழே போகப் போக நெருங்க வேண்டும் அல்லவா? ஆம், நெருங்குகின்றன! ஒரே வீட்டின் இரண்டு சுவரிலும் இதே கதைதான். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, அவ்வளவே.

உப்பளத்துக்கு வாருங்கள். அசையாத நீர்ப்பரப்பு மட்டம் என்கிறோம். மட்டம்தான், ஆனால் தட்டை அல்ல. அதுவும் பூமியோடு சேர்ந்து வளைகிறது. ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு நீர் தேங்கி நின்றால், ஒரு கரையில் நீரை ஒட்டிக் கிடையாக நீட்டிய நேர்க்கோடு மறுகரையில் நீருக்கு மேலே சுமார் 8 சென்டிமீட்டர் உயரத்தில் போகும்! நிலம் அளப்பவர்கள் இந்தக் கழிவைக் கணக்கில் சேர்த்தே தீர வேண்டும்.

சீனப் பேரரசர் வேண்டாம் என்ற சங்கிலி இந்தியாவை அளந்தது தெரியுமா?

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலை அருகே ஆங்கில நில அளவையாளர் வில்லியம் லாம்டன் ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். அளந்தது 100 அடி எஃகுச் சங்கிலியால், ஏறத்தாழ 400 முறை நீட்டி நீட்டி! வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் வைத்து, வெப்பமானி பார்த்துக் கணக்கைத் திருத்தினார்.

அந்தச் சங்கிலி பிரிட்டனின் மெக்கார்ட்னி தூதுக்குழுவோடு சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போனது. அவர் ஏற்கவில்லை. அது கல்கத்தா வந்து, விலைக்கு வாங்கப்பட்டு, லாம்டன் கைக்குச் சேர்ந்தது. கோணம் அளக்கும் பெரிய தியோடலைட்டின் எடை அரை டன்! லண்டனிலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் பிடித்துக்கொண்டு போய், பிறகு மரியாதையோடு திருப்பி அனுப்பிய கருவி அது.

லாம்டன் முதலில் அளந்த தென்வடல் வில் எது தெரியுமா? நம் சோழமண்டலக் கரைதான்! கடலூரை அடுத்த திருவந்திபுரத்திலிருந்து சென்னைக்கு வடக்கே வரை, ஒன்றரை டிகிரிக்குச் சற்று அதிகம். மரக்காணத்தின் அட்சரேகை அந்த இரு முனைகளுக்கும் நடுவில் விழுகிறது. பூமியின் வடிவத்தைக் கணக்கிட லாம்டன் செய்த வேலை இந்தக் கரையோரம்தான் அடியெடுத்து வைத்தது.

‘சென்ட்’ கணக்கு எங்கே பிறந்தது தெரியுமா?

“மூணு சென்ட் மனை” என்கிறோமே, அதற்குப் பின்னாலும் ஒரு சங்கிலி! 1620-ல் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளத்தில் 100 கண்ணிகள் கொண்ட சங்கிலியை அமைத்தார். பத்துச் சங்கிலி நீளம், ஒரு சங்கிலி அகலம் என்றால் அது சரியாக ஓர் ஏக்கர். அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், அதாவது 435.6 சதுர அடி. அந்த .6 ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

அதற்கும் 600 ஆண்டுகள் முன்பே ராஜராஜ சோழன் நிலம் அளக்கச் செய்தான். அளவுகோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். யாரும் கோலைக் குறைக்க முடியாது! வரிக் கணக்கில் ஒரு வேலி நிலத்தை 5,242 கோடியே 88 லட்சம் பங்காகப் பிரித்த பின்னமும் வருகிறது என்றால் அந்தத் துல்லிய வெறியை என்னவென்று சொல்வது!

ஒரு முஷ்டியும் ஒரு விரலும் மரக்காணம் தெரியுமா?

துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து எத்தனை டிகிரி உயரத்தில் தெரிகிறதோ, ஏறத்தாழ அதுவே நீங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகை. மரக்காணம் 12 டிகிரியைச் சற்றே தாண்டிய ஊர். கையை நேராக நீட்டினால் முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி, விரல் ஒன்று இரண்டு டிகிரிக்குச் சற்றுக் குறைவு. வடக்குப் பார்த்து நின்று, அடிவானத்தின் மேல் ஒரு முஷ்டி, அதற்கு மேல் ஒரு விரல் வைத்தால் அங்கேதான் துருவ நட்சத்திரம்!

நம் மாலுமிகள் இதையே ஒரு சிறு பலகையாலும் முடிச்சுக் கயிற்றாலும் செய்தார்கள். பெயர் ராப்பலகை. கயிற்றைப் பல்லில் கடித்து, பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு நட்சத்திரத்தையும் தொடும்படி பிடிப்பார்கள். எந்த முடிச்சு பல்லுக்கு வருகிறதோ அந்த ஊரின் நேரே கப்பல் வந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு துறைக்கும் ஒரு முடிச்சு! சோழமண்டலக் கரை மாலுமிகளின் இந்த உத்திகளைக் காங்கிரீவ் என்ற ஆங்கில அதிகாரி 1850-ல் சென்னை இதழ் ஒன்றில் எழுதி வைத்தார்.

பகலில்? கட்டுமரத்துக்காரர்கள் கரையில் ஒரு கோபுரத்தையும் அதன் பின்னே ஒரு பனையையும் ஒரே நேரில் கொண்டுவருவார்கள். வேறொரு திசையில் இன்னொரு ஜோடி. இரண்டு கோடும் வெட்டும் இடம்தான் மீன் கிடைக்கும் ‘பார்’, அதாவது கடலடிப் பாறைத்திட்டு. லாம்டன் அரை டன் கருவியால் போட்ட முக்கோணத்தை இவர்கள் கண்ணாலேயே போட்டார்கள். இன்று படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. அதுவும் வெட்டும் இடத்தைத் தேடும் கணக்குதான், ஆனால் தூரத்தை வைத்து: செயற்கைக்கோளின் கடிகாரம் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினால் தூரம் ஓர் அடி பிசகிவிடும்!

நிழல் சாயாத நாளில் கயிறு பிடித்தார்கள் தெரியுமா?

நக்கீரரின் நெடுநல்வாடை அரண்மனை கட்டத் தொடங்கும் காட்சியைச் சொல்கிறது. இரண்டு கோல்களை நட்டு, நிழல் எந்தப் பக்கமும் சாயாத நண்பகலில், நூல் அறிந்தவர்கள் நுணுக்கமாகக் கயிறு பிடித்துத் திசை குறிக்கிறார்கள். அந்த மாதம் சித்திரை என்கிறது உரை. வானியலும் அதையே சொல்கிறது! சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்கும் நாள் தமிழ்நாட்டில் ஏப்ரலில் வருகிறது. மரக்காணத்துக்கு அது ஏப்ரல் 22 வாக்கில். மீண்டும் ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி ஒருமுறை.

ரயில் நிலையப் பலகையில் இருக்கும் ‘கடல் மட்டம்’ எது தெரியுமா?

மரக்காணத்துக்குப் போக ரயிலில் திண்டிவனத்தில் இறங்குகிறீர்களா? நிலையப் பெயர்ப்பலகையில் சராசரிக் கடல் மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். கடல் ஏறும், இறங்கும். அதன் ‘மட்டம்’ எது? கடலின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் கருவிகள் ஆண்டுக்கணக்கில் எழுதிய உயரங்களின் சராசரி. 1909-ல் நிறைவு பெற்ற அந்தக் கணக்குக்கு ஒன்பது துறைமுகங்கள் அடிப்படை. அவற்றில் இரண்டு சென்னையும் நாகப்பட்டினமும். உப்புப் பாத்தியின் மேட்டைக் காட்டிய அதே தண்ணீர்தான் இமயமலையின் உயரத்துக்கும் சுழி போட்டுக் கொடுத்தது!

எத்தனை கருவி வந்தாலும் அடிப்படை மாறவில்லை. நீர் மட்டம் காட்டும், குண்டு செங்குத்து காட்டும், நூல் நேர் காட்டும், நிழல் திசை காட்டும். இவற்றை நம்பி வேலை செய்யும் உப்பளத் தொழிலாளியும் கொத்தனாரும் மீனவரும் துல்லியத்தின் பேராசிரியர்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள், அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும் ஆசையில் பாத்திக்குள் கால் வைத்துவிடாதீர்கள். சாலையோரமே நின்று பாருங்கள். நாள்கணக்கில் மிதித்துச் சமமாக்கிய தரை அது. ஒரு செருப்புத் தடம் ஒரு விரற்கடைப் பள்ளம்.