52 வினாடிகள்

2017 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. திரையில் கொடி வந்ததும் அம்மா முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். "உட்காரும்மா" என்றேன். "பின்னாடி பாக்குறாங்கடி" என்றார். கை கொடுத்துத் தூக்கினேன். தேசிய கீதம் 52 வினாடிதான். அம்மாவின் விரல்கள் என் முழங்கையில் அழுத்திய தடம் இடைவேளை வரை இருந்தது.

அம்மா சிப்பாய் மகள். தாத்தா பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். அந்தப் படைவீரர்களை ராணுவத்தில் 'தம்பி' என்றே அழைப்பார்கள். ஆகஸ்ட் 15 அன்று ரேடியோவில் கீதம் கேட்டதும் தாத்தா காபி டம்ளரைத் திண்ணையில் வைத்துவிட்டு, குதிகால் சேர்த்து நிற்பார். பாட்டி அரிசி புடைத்துக்கொண்டே இருப்பார். எழுந்திரு என்று தாத்தா ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வீட்டில் வளர்ந்ததால் கீதம் கேட்டால் என் கால் தானாக எழும். அன்று தியேட்டரில்தான் முதல்முறையாகச் சந்தேகம் வந்தது: நான் நின்றது பிரியத்திலா, பயத்திலா?

2016 நவம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாத் திரையரங்குகளும் படத்துக்கு முன் கீதம் ஒலிக்க வேண்டும், எல்லோரும் எழ வேண்டும் என்றது. எழ இயலாதவர்களுக்குச் சில நாளிலேயே விலக்கும் தந்தது. ஆனால் பின்வரிசைக்கு விலக்கெல்லாம் எங்கே தெரியும்? 2018 ஜனவரி 9 அன்று, கீதம் ஒலிப்பது திரையரங்கின் விருப்பம் என்று நீதிமன்றமே மாற்றிவிட்டது. 1971 ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பது, வேண்டுமென்றே கீதத்தைப் பாடவிடாமல் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும். கேரளத்தில் மத நம்பிக்கையால் கீதம் பாடாமல், ஆனால் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அது தவறு என்று 1986 இலேயே தீர்ப்பு வந்தது. பாடாத வாய்க்கும் இந்த நாட்டில் இடம் உண்டு என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனாலும் 2019 அக்டோபரில், பெங்களூரு மால் ஒன்றில் 'அசுரன்' பார்க்க வந்த சிலர் எழவில்லை என்று மற்றவர்கள் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். பாகிஸ்தானியா என்று கேட்டார்கள். அந்தக் காணொளியைப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது. கையளவு நிலத்துக்காக ஒரு குடும்பம் ஊரை விட்டு ஓடும் கதை 'அசுரன்'. அதைப் பார்க்க வந்த இடத்திலா இந்த விரட்டல்!

நாட்டை நேசிப்பது என்றால் என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண்முன் வருவது கொடி அல்ல. 2016 செப்டம்பர் 12. காவிரி நீர் உத்தரவையொட்டி எங்கள் பெங்களூருவில் தமிழகப் பதிவெண் பேருந்துகள் எரிந்த நாள். என் தம்பி தன் ஓசூர் நம்பர் காரின் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடினான். "போன்ல தமிழ்ல பேசாத, வெளில கேக்கும்" என்று அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கிசுகிசுத்தார். சிப்பாய் மகள், பிறந்த ஊரில், சொந்த வீட்டில்.

அந்திக்கு எதிர்வீட்டு அக்கா வந்தார். மண்டியாக்காரர், அவர் அண்ணன் வயலுக்கும் காவிரித் தண்ணீர்தான் பாய வேண்டும். ஒரு முறம் பீன்ஸை எடுத்துவந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து நார் உரிக்கத் தொடங்கினார். போவோர் வருவோரிடமெல்லாம் கன்னடத்தில் சத்தமாகக் கதை பேசினார். அம்மா உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. பீன்ஸ் தீர்ந்த பிறகும், தெருவிளக்கு எரிந்து வெகுநேரம் வரை, வெறும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்.